குண்டூசிக்கு அனுமதி உண்டு

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணா,

நான் நலம். சளி விட்டுவிட்டது, பசிதான் இரண்டு மடங்காகியிருக்கிறது. உன் முட்டி வலி எப்படி? அண்ணி திட்டுவதற்கு முன்னால் நீயாகவே தைலம் தேய்த்துக்கொள்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சேர்ந்தே மூன்று வாரம் ஆகிறது, கண் பட்டுவிடும் என்று எழுதாமல் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், மூன்றாவது நிமிஷம் சண்டை வரும், அண்ணி போனைப் பிடுங்கிச் சமாதானம் செய்வார். கடிதம் எழுத ஆரம்பித்த பிறகு நமக்குள் ஒரு சண்டை உண்டா? இதுவே இருக்கட்டும்.

பெரிய ஆஸ்பத்திரி. இங்கே வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு, கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு. கார்டைக் கதவில் காட்டினால் பச்சை எரிந்து திறக்கும். கணக்கில் நுழைந்தால் நோயாளி விவரம், மருந்து, ரத்த இருப்பு, சம்பளம் என்று அவரவர் வேலைக்குத் தேவையானது தெரியும். தேவையானது மட்டும் தெரிய வேண்டும் என்பதுதான் விதி. அந்த விதிப்படி நடக்கிறதா என்று அளப்பதும், நடக்காவிட்டால் நடக்கவைப்பதும் என் வேலை. எல்லோரும் என்னைச் சாவிக்காரி என்கிறார்கள்.

அளந்து பார்த்தேன் அண்ணா. வயிறு வலிக்கச் சிரித்தேன், பிறகு பயந்துவிட்டேன். துணி வெளுக்கும் பிரிவுக்காரருக்கு ஆபரேஷன் தியேட்டர் திறக்கிறது. கணக்குப் பிரிவிலிருந்து விலகி சைக்கிள் கடை வைத்துவிட்டவர் இன்னும் எல்லோருடைய சம்பளத்தையும் பார்க்கலாம். வெளிநாடு போய்விட்ட ஒரு டாக்டரின் கார்டு தினமும் வண்டி நிறுத்துமிடத்தில் பச்சை காட்டுகிறது, யார் சட்டைப்பையில் இருக்கிறதோ. நூறு கணக்கில் ஐம்பத்தெட்டுதான் சரி.

என் மேலாளர் எதைக் கேட்டாலும், "நூத்துக்கு எத்தனை?" என்றுதான் திருப்பிக் கேட்பார். அதனால் அவருக்கு நூற்றுக்குநூறு என்றே பெயர் வைத்துவிட்டேன். ஜூலையில் வெளியிலிருந்து பரிசோதகர்கள் வருகிறார்கள். அதற்குள் தொண்ணூற்றைந்து வந்தால் என் வேலை நிரந்தரம். வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்குக் கை பரபரக்கிறது.

அண்ணிக்கு என் அன்பு. பதில் போடு.

உன் வாயாடி

*

பிப்ரவரி 14

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முட்டி அதன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். பாய்லரைச் சுற்றி இரும்புப் படி ஏறி இறங்குகிறவனுக்கு முட்டி வலிக்காமல் வேறு எது வலிக்கும்?

உன் கடிதத்தை அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். சைக்கிள் கடைக்காரர் வந்ததும் அவளுக்குப் புரையேறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு டிபன் பாக்ஸ் மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டுக்கொண்டு திரிந்தவள் நீ. அதற்கே இப்போது சம்பளம் கொடுக்கிறார்களா? பலே.

எங்கள் காகிதத் தொழிற்சாலையிலும் போன மாதம் வாசலில் கார்டு மெஷின் வைத்துவிட்டார்கள். பச்சை எரிந்தால் உள்ளே. முன்பெல்லாம் வாசல் காவலர், நம் மீசைக்காரர், தலையை ஆட்டினால் போதும். இப்போது அவரும் விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டுகிறார். பதினோரு வருஷம் பார்த்த முகம் என்று மெஷினுக்குத் தெரியுமா?

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தக் கணக்கெல்லாம் சரியா என்று பிரிவுத் தலைவர்களிடம் கேட்டாயானால் படிக்காமலே 'சரி' போட்டு அனுப்புவார்கள். என் அதிகாரி அப்படித்தான். என் லீவு மனுவில் ஒருமுறை தப்பான வருஷம் எழுதிவிட்டேன், அதற்கும் சரி போட்டார்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

*

மார்ச் 2

அன்புள்ள அண்ணா,

நலம், நலம், நலம். உன் முட்டிக்கு இங்கே ஒரு டாக்டரிடம் கேட்டேன், படி ஏறாதே என்கிறார். மகா கண்டுபிடிப்பு.

உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். ஒன்பது பிரிவுத் தலைவர்களுக்கும் அவரவர் ஆட்களின் பெயரை அனுப்பி, இவர்களுக்கு இந்த அனுமதி இன்னும் தேவையா என்று கேட்டேன். சாப்பாட்டு இடைவேளை முடிவதற்குள் எல்லோரும் 'சரி' போட்டு அனுப்பிவிட்டார்கள். நூற்றுக்குநூறு என் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். எனக்கு மட்டும் நெருடிக்கொண்டே இருந்தது.

அதனால் ஒரு வேலை செய்தேன். திட்டாதே. உலகத்திலேயே இல்லாத ஒரு ஊழியரை உருவாக்கினேன். பெயர் குண்டூசி. ஆமாம், ஒல்லியாக இருந்துகொண்டு எல்லோரையும் குத்திக்கொண்டே இருந்ததற்கு உனக்கு நான் வைத்த அதே பெயர். ஒன்பது பிரிவிலும் அந்தப் பெயரைச் செருகி, மறுபடி சரிபார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

ஏழு பேர் சரி போட்டார்கள் அண்ணா. தியேட்டர் தலைமை நர்ஸ் உனக்கு மயக்க மருந்து அலமாரியைத் திறந்துவிட்டிருக்கிறார். கணக்குப் பிரிவு உன்னைக் காசோலை அச்சடிக்க அனுமதித்திருக்கிறது. சமையலறை மேற்பார்வையாளர் ஒரு படி மேலே போய், "நல்ல பையன், தொடரலாம்" என்று குறிப்பே எழுதியிருக்கிறார்.

மறுநாள் கூட்டத்தில் இதைப் படித்தேன். முதலில் சிரித்தார்கள், பிறகு அவரவர் பட்டியலை எடுத்துப் பெயர் தேட ஆரம்பித்தார்கள். தலைமை நர்ஸ் முகம் சிவந்துபோய் என்னிடம் வந்து, இனிமேல் ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் எழுபத்தொன்று. உன் அனுமதிகளையெல்லாம் பிடுங்கிவிட்டேன். பெயரை அழிக்க மனசு வரவில்லை, கேன்டீன் கதவை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். பசித்தால் வா.

உன் வாயாடி

*

மார்ச் 13

அன்புள்ள வாயாடிக்கு,

சுகமே. நீயும் சுகம்தான் என்று உன் கையெழுத்தே சொல்கிறது, வரிக்கு வரி குதிக்கிறது.

பதினோரு வருஷம் பாய்லர் சூட்டில் வெந்தவன் நான். எனக்கு யாரும் நல்ல பையன் என்று எழுதித் தந்ததில்லை. உன் சமையலறை மேற்பார்வையாளர் முகம் தெரியாமலே தந்துவிட்டார். அண்ணி இரண்டு நாளாக என்னைக் குண்டூசி சார் என்றுதான் கூப்பிடுகிறாள்.

இங்கே புது பாய்லர் வருகிறது என்று பேச்சு. தானாகவே சூடாகும், தானாகவே அணையும், கம்ப்யூட்டரில் ஒரே ஆள் பார்த்துக்கொள்ளலாமாம். பார்ப்போம். முட்டிக்கு நல்லதுதான், படி இருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

நலமா? நான் நலத்துக்கும் மேலே ஏதாவது இருந்தால் அங்கே இருக்கிறேன்.

எண்பத்தாறு! இந்த மாதம் நான் செய்ததைக் கேள். வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்குகள்தான் எங்களுக்குப் பெரிய ஓட்டை. ஆள் போய் வாரக்கணக்கில் கார்டு உயிரோடு இருக்கும். பணியாளர் பிரிவு ஒரு காகிதம் எழுதும், அது பிரிவுத் தலைவருக்குப் போகும், அவர் மேஜையில் தூங்கும், யாராவது எழுப்பி என்னிடம் அனுப்பினால்தான் நான் மூட முடியும்.

அந்தச் சங்கிலியையே அறுத்துவிட்டேன். இப்போது பணியாளர் பிரிவில் ஒருவரை நிறுத்தும் உத்தரவில் கையெழுத்து விழுந்தால் போதும். அந்த நொடியே கணக்கும் கார்டும் தாமாக மூடிக்கொள்ளும். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். கையெழுத்துக்கும் மூடுவதற்கும் உள்ள இடைவெளிதான் பரிசோதகர்கள் முதலில் பார்க்கும் எண். எங்களுடையது இப்போது பூஜ்யம். காகிதம் ஆளிடம் போய்ச் சேருவதற்குள் கதவு மூடியிருக்கும். நூற்றுக்குநூறு எழுந்து நின்று கை குலுக்கினார்.

எனக்கு இரண்டு நாளாகத் தரையில் கால் பாவவில்லை. உங்கள் தொழிற்சாலைக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கட்டுமா?

உன் வாயாடி

*

ஏப்ரல் 29

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். பதில் தாமதமாகிவிட்டது, ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. முட்டி இப்போது வலிப்பதே இல்லை.

எங்களுக்கு நீ சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் ஆட்களும் கெட்டிக்காரர்கள்தான்.

ஒரு சந்தேகம். கார்டு திறக்காதவன் வாசலில் எங்கே நிற்க வேண்டும் என்று உங்கள் விதியில் எழுதியிருக்கிறதா?

ஜன்னல் வழியாக வெயில் மேஜைக்கே வந்துவிட்டது, எழுதக் கண் கூசுகிறது. இத்தோடு முடிக்கிறேன்.

உன் அண்ணன்

*

மே 5

அன்புள்ள அண்ணா,

நான் நலம். முட்டி வலி போய்விட்டதா? கேட்கவே எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. அந்தத் தைலம் என்ன பெயர் என்று அண்ணியிடம் கேட்டு எழுது. இங்கே வாசல் காவலருக்கும் அதே வலி.

உன் கேள்விக்குச் சிரித்துவிட்டேன். எங்கே நிற்பது என்று விதி எதற்கு? கார்டு மூடியவர் வாசலுக்கே வரமாட்டாரே. வேலையே இல்லாதவருக்கு இங்கே என்ன வேலை?

ஆமாம், நீ பகல் வெளிச்சத்தில் கடிதம் எழுதுகிறாயே, லீவா? உன் அதிகாரி மறுபடி வருஷம் பார்க்காமல் சரி போட்டுவிட்டாரா?

எண்பத்தொன்பது ஆகிவிட்டது. ஆறே ஆறு பாக்கி.

உன் வாயாடி

*

மே 24

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

இங்கே ஸ்கேன் அறையில் ஒரு அக்கா இருக்கிறார். படுக்கத் தயங்குகிற நோயாளிகளின் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பதே அவர் வேலை. நான் சேர்ந்த முதல் வாரம் யாரையும் தெரியாமல் கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, தன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளிவைத்துப் பேச ஆரம்பித்தவர். நேற்றுக் காலை நான் வரும்போது அவர் ஊழியர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மழை. கார்டைக் காட்டுகிறார், சிவப்பு. துடைத்துவிட்டுக் காட்டுகிறார், சிவப்பு. வருகிறவர்கள் எல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு பச்சை காட்டி உள்ளே போகிறார்கள். காவலர் வருகைப் பதிவேட்டில் தலையை விட்டுக்கொண்டிருந்தார், அதில் படிக்க ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும்.

மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன் அண்ணா. ஓடிப்போய் என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். மெஷின் கெடவில்லை. முந்தின நாள் மாலை உத்தரவில் கையெழுத்து விழுந்திருக்கிறது, அந்த நொடியே கதவு மூடியிருக்கிறது. நான் எப்படி அமைத்தேனோ அப்படியே. காகிதம்தான் பிரிவுத் தலைவர் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வாசலுக்கு வந்தேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்: "அக்கா, உங்க கணக்கை மூடியிருக்காங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். "என்னை நிறுத்திட்டாங்களா? என்கிட்ட யாருமே சொல்லலையேம்மா."

அவரை என் கார்டில் உள்ளே கூட்டிப்போய் என் நாற்காலியில் உட்காரவைத்தேன். ஒரு கார்டில் இரண்டு பேர் நுழையக் கூடாது, அது நான் எழுதிய விதி. பிரிவுத் தலைவரைப் போய்க் கையோடு அழைத்துவந்தேன். ஒப்பந்தம் நீட்டப்படவில்லை என்று அவர் அப்போதுதான் வாய் திறந்து சொன்னார். அக்கா அழவில்லை. ஸ்கேன் அறைக்குப் போய் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வர வேண்டும் என்று மட்டும் கேட்டார். நானும் கூடவே போனேன்.

நேற்று மாலை எண் தொண்ணூற்றிரண்டு. எண்பத்தொன்பதிலிருந்து ஏறிய அந்த மூன்றில் அவர் கணக்கும் உண்டு. பார்க்கவே பிடிக்கவில்லை.

நீ ஏப்ரலில் கேட்ட கேள்விக்கு நான் என்ன பதில் எழுதினேன் என்று நினைத்துப் பார்த்தேன். நீ ஏன் அப்படிக் கேட்டாய்?

உன் தங்கை

*

மே 31

அன்புள்ள தங்கைக்கு,

நானும் அண்ணியும் சுகம்.

அந்த அம்மாவை உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாயே, அது பெரிய விஷயம். எல்லா வாசலிலும் உன் மாதிரி ஒருத்தி இருப்பதில்லை.

சும்மாதான் கேட்டேன்.

உன் அண்ணன்

*

ஜூன் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நான் எழுதினேன் என்று உன் அண்ணனிடம் எக்காரணம் கொண்டும் காட்டிக்கொள்ளாதே. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அவருக்கு வேலை போய்விட்டது. ஏப்ரல் இரண்டாவது வாரம். புது பாய்லர் வந்துவிட்டது. காலையில் டிபன் பாக்ஸோடு போனவர் பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்தார். என்ன ஏது என்று கேட்டதற்கு, "கார்டு திறக்கல" என்றார். அவ்வளவுதான். மீதியை எனக்கு மீசைக்காரரின் மனைவி சொன்னாள். வாசலிலேயே வெகு நேரம் நின்றிருக்கிறார், கூட வேலை செய்தவர்கள் எல்லாம் பக்கத்தில் கடந்து போயிருக்கிறார்கள். மீசைக்காரர் இவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மெஷினையே துடைத்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் யாரோ ஒரு உறையைக் கொண்டுவந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நீட்டியிருக்கிறார்கள்.

அன்று மதியத் தபாலில்தான் உன் கடிதம் வந்தது, கால் பாவவில்லை என்று எழுதியிருந்தாயே, அது. வழக்கம்போல எனக்கு உரக்கப் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

உன்மேல் அவருக்கு ஒரு துளிக் கோபம் கிடையாது. உன் வேலை நிரந்தரமாகும் வரை உன் சந்தோஷத்தில் மண் அள்ளிப் போடக் கூடாது என்கிறார். ஆனால் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. தெருமுனைக் கடைக்குக்கூட நான்தான் போகிறேன். படியே ஏறாததால் முட்டி மட்டும் சுகமாக இருக்கிறது.

நீ ஏதாவது செய்வாய் என்று தோன்றியது. அதனால் எழுதினேன்.

உன் அண்ணி

*

ஜூன் 19

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். தைலத்தின் பெயரை எழுத வேண்டாம், காவலருக்கு வேறு மருந்து கிடைத்துவிட்டது.

கேள், நான் நூற்றுக்குநூறோடு சண்டை போட்டுவிட்டேன். அந்தத் தானியங்கிச் சமாசாரத்தை நிறுத்திவிட்டேன். புது விதி இது: யாரை நிறுத்தினாலும், இடம் மாற்றினாலும், பிரிவுத் தலைவர் அவரை நேரில் உட்காரவைத்து வாயால் சொல்ல வேண்டும். நானும் என் கம்ப்யூட்டரோடு அங்கேயே இருப்பேன். சொல்லி முடித்த பிறகுதான் உத்தரவில் கையெழுத்து, அதற்குப் பிறகுதான் கணக்கு மூடும். ஆள் முன்னால் இல்லாமல் ஒரு கணக்கும் மூடக் கூடாது.

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஜூலைக்கு நூத்துக்கு எத்தனை வரும்னு யோசிச்சியா?" என்றார். நிஜமாகவே முதல் வாரம் எண்பத்தொன்றுக்கு விழுந்துவிட்டது. நேரில் சொல்லத் தைரியம் இல்லாத தலைவர்கள் நாள் கடத்தினார்கள், கணக்குகள் திறந்தே கிடந்தன. உன் வேலைக்கு நீயே உலை வைக்கிறாய் என்றார் மேலாளர். வைத்தால் வைத்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

ஆனால் இந்த வாரம் ஒரு வேடிக்கை நடக்கிறது. வேலையை விடுகிறவர்கள் தாமாகவே என்னைத் தேடி வருகிறார்கள். துணி வெளுக்கும் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். "சாவிக்காரிகிட்ட சொல்லிட்டுப் போனா மரியாதையா வழியனுப்பறாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்று சொல்லிக் கார்டை மேஜைமேல் வைத்தார். முன்பெல்லாம் இவர்கள் எல்லாம் சத்தமில்லாமல் கார்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர்கள். சைக்கிள் கடைக்காரர்கூட வந்துவிட்டார் அண்ணா, தன் பழைய கணக்கை மூடச் சொல்லி. மணி அடித்துக்கொண்டே வந்தார்.

பொறுத்திரு, நான் ஜெயிக்கப் போகிறேன்.

உன் வாயாடி

*

ஜூலை 20

அன்புள்ள அண்ணா,

நலம். மூச்சு வாங்குகிறது, அதனால் நேராக விஷயம்.

பரிசோதகர்கள் வந்தார்கள். ஒரு கணவன் மனைவிபோல ஒரே மாதிரி கண்ணாடி போட்ட இரண்டு பேர். மூன்று நாள் துருவினார்கள். கடைசி நாள் எங்களையெல்லாம் உட்காரவைத்து எண்ணைப் படித்தார்கள். தொண்ணூற்றேழு. நூற்றுக்குநூறு எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். தலைமை நர்ஸ் என் முதுகில் ஒரு அறை விட்டார், இன்னும் வலிக்கிறது.

ஆனால் ஒரு குறிப்பு எழுதிவிட்டார்கள். ஆள் யாரென்று தெரியாத ஒரு கணக்கு திறந்திருக்கிறதாம். கேன்டீன் கதவு மட்டும். பெயர் குண்டூசி.

"இது யாரு?" என்று அந்த அம்மா கேட்டார். சோதனைக்காக நான் உண்டாக்கியது, மூட வேண்டியதுதான் என்றேன். பிறகு ஏன் மூடவில்லை என்றார். எங்கள் விதிப்படி ஆளை நேரில் உட்காரவைத்துச் சொல்லாமல் மூட முடியாது என்றேன். ஆளே இல்லையே என்றார்.

"ஆள் இருக்காங்க. தூரத்துல இருக்காங்க" என்றேன்.

இரண்டு கண்ணாடிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு அந்த அம்மா சிரிக்காமல் எழுதினார்: இம்மாத இறுதிக்குள் விதிப்படி மூடிவிட்டுத் தெரிவிக்கவும். அந்தக் குறிப்பு தீரும் வரை என் நிரந்தர உத்தரவில் கையெழுத்து விழாது. மேலாளர் ஒரே தட்டில் அழித்துவிடு என்கிறார். என் விதியை நானே மீறினால் ஸ்கேன் அறை அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? அவர் இப்போது எங்கள் எதிர்த் தெரு கிளினிக்கில் இருக்கிறார், தினமும் என்னைப் பார்த்துக் கையசைக்கிறார்.

ஆகவே அண்ணா, உன் கணக்கை மூட வேண்டியிருக்கிறது. நேரில் சொன்னால்தான் செல்லும். நீ வந்தால்தான் என் வேலை நிரந்தரம். லீவு கிடைக்குமா என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. குண்டூசி பெயரில் ஒரு கார்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், கிளம்பி வா. அண்ணியையும் கூட்டி வா.

இங்கே பாய்லர் அறையில் பழைய பாய்லர்தான். படி நிறைய. அதைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வு பெறுகிறார், ஆள் தேடுகிறார்கள். அதை நேரில் பேசிக்கொள்ளலாம், கடிதத்தில் எழுதினால் தபாலில் சூடு ஆறிவிடும்.

உன் வாயாடி

*

ஜூலை 26

அன்புள்ள வாயாடிக்கு,

சுகம். அண்ணி பெட்டி கட்டுகிறாள். உனக்கு எழுதியது தான்தான் என்று அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், சத்தியத்தை மீறியதற்குப் பாத்திரம் தேய்க்கச் சொல்லுங்கள் என்று அவளே தண்டனையும் சொன்னாள். கடைசியில் தேய்த்தது நான்.

உன் கடிதத்தை அவளுக்கு உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். கேன்டீன் கதவு வந்ததும் என்னால் படிக்க முடியவில்லை. மீதியை அவள்தான் வாங்கிப் படித்தாள்.

வேலை போனதை உன்னிடம் மறைத்தேன். போனதைவிட, போன விதம்தான் சொல்ல வரவில்லை. பதினோரு வருஷம் நுழைந்த வாசலில் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றேன், ஓரமாக நிற்பதா, நடுவில் நிற்பதா என்று. யாராவது ஒருத்தர் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் போதும் என்று இருந்தது.

புதன்கிழமை காலைப் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். டிக்கெட் எடுக்க நானே போனேன், பஸ் நிலையம் வரை நடந்து. திரும்பும்போது மீசைக்காரரைப் பார்த்தேன். நானாகப் போய்ப் பேசினேன், மனுஷன் பாவம், என் கையை விடவே இல்லை.

உங்கள் ஊழியர் வாசலுக்கே வந்துவிடுகிறேன். என் கணக்கை மூடுவதற்குள் கேன்டீனில் ஒரு டீயாவது குடித்துவிட வேண்டும். நீ அனுப்பிய கார்டைக் காட்டிப் பார்க்கிறேன். பச்சை எரிந்தால் நல்லது. சிவப்பு எரிந்தால் நீ வெளியே வந்து என் பக்கத்தில் நில்.

முட்டி எப்படி என்று கேட்பாய். உங்கள் பாய்லர் படியை ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

உன் குண்டூசி